பன்னிரண்டு மைலுக்கு உள்ளே

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குவது பெரிய வித்தை இல்லை. கொதிக்க வைத்தால் ஆவி மேலே போகும், உப்பு கீழே நிற்கும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். இதை நாளொன்றுக்கு இருபதாயிரம் கேலன் அளவுக்கு, அலை ஆட்டும்போதும் தலைக்கு மேல் பீரங்கி அதிரும்போதும் நிறுத்தாமல் செய்வதுதான் வித்தை. 1967இல் எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் போர்க்கப்பலில் அந்த வேலை என்னுடையது. தண்ணி ராஜா என்று கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் அந்த வேலைக்காரனை அப்படித்தான் சொல்வது.

தண்ணீர் இறக்கும் எந்திரத்தை வடிகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும், பித்தளையும் இரும்புமான ஒரு கூடு. உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவோம். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மலை உச்சியில் காபிக்கு வைத்த தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதைப் போல. சூடு குறைவாக இருந்தால் குழாய்களில் உப்பு படிவதும் குறையும். வெளியே வரும் தண்ணீரில் உப்பு கொஞ்சம் கலந்தாலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். எனக்கு விளக்கை மட்டும் நம்பிப் பழக்கமில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, வெள்ளி உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். பால் போலக் கலங்கினால் உப்பு இருக்கிறது. என் தண்ணீர் கலங்கியதே இல்லை.

ரெய்னோ ஹக்கலாவின் மனு இந்த எந்திரத்தில்தான் வந்து சிக்கிக்கொண்டது.

ரெய்னோவும் நானும் ஒரே கப்பல், ஒரே ஊர். மிச்சிகன் மாநிலத்தின் மேல்முனையில் இருக்கும் எஸ்கனாபா. சண்டையிலிருந்து திரும்பியபின் அவன் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்தான், நான் காகித ஆலையில். நாற்பத்தைந்து வருடம் சீட்டாட்டத்தில் ஒரே பக்கம் உட்கார்ந்து தோற்றிருக்கிறோம். 2011 இலையுதிர் காலத்தில் அவனுக்கு முதுகு வலித்தது. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்றார்கள்.

வியட்நாம் காடுகளை மொட்டையடிக்க விமானத்திலிருந்து ஒரு மருந்து தெளித்தார்கள். ஏஜென்ட் ஆரஞ்சு என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் வரக்கூடிய நோய்களுக்கு அரசாங்கத்திடம் ஒரு பட்டியல் உண்டு. ரெய்னோவின் நோய் அதில் இருந்தது. ஆனால் அந்த நாளில் விதி இப்படி: வியட்நாம் மண்ணில் ஒரு தடவையாவது கால் வைத்தவனுக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், வேறு கேள்வி கிடையாது, மருந்துதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். கடலிலேயே நின்றவன், விஷம் தன்னிடம் எந்த வழியாக வந்தது என்று தானே நிரூபிக்க வேண்டும். நாங்கள் கரையைப் பார்த்துச் சுட்டோம், கரையில் இறங்கவில்லை. ரெய்னோவுக்கு ஒரே வழிதான் இருந்தது: குடித்த தண்ணீர்.

மனு ஜெயித்தால் அவனுக்கு மாதாமாதம் உதவித்தொகை, அவனுக்குப் பின் அவன் மனைவி மார்வாவுக்கு ஓய்வூதியம். தோற்றால் மார்வா அறுபத்தாறு வயதில் மளிகைக் கடைக் கல்லாவில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

மார்ச் மாதம் டெனீஸ் லாஃபாம்ப் என்னைக் கூப்பிட்டாள். எங்கள் மாவட்டத்தில் படைவீரர்களின் மனுக்களை எழுதிக்கொடுப்பது அவள் வேலை. நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்ன அறை. ஈராக்கில் லாரி ஓட்டியவள். குண்டுச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டதால் எப்போதும் தலையைச் சாய்த்துத்தான் கேட்பாள்.

"ரெய்னோ சாரோட மனுவத் தள்ளிட்டாங்க" என்றாள். ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

வடிகலத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்திய என் எழுத்து, பள்ளிக்கூடப் பையனுடையதைப் போல உருண்டையாக.

"ஆமா."

"கரையிலேர்ந்து பன்னிரண்டு மைலுக்கு உள்ள வந்தா குடிதண்ணி தயாரிக்கக் கூடாதுன்னு விதியாம். ஆத்துத் தண்ணி வந்து கலக்கற இடம், அழுக்கு. நீங்க கரைக்கு மூணு மைல்ல முப்பத்திரண்டு நாள் நின்னிருக்கீங்க. முப்பத்திரண்டு நாளும் இதுல 'வடிகலம் நிறுத்தப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. தண்ணியே தயாரிக்கலேன்னா விஷம் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க." தலையைச் சாய்த்தாள். "நிஜமாவே நிறுத்தினீங்களா?"

"அதான் எழுதியிருக்கே."

"எழுதியிருக்கறத நானும் படிச்சுட்டேன் சார்."

"அப்ப அதுதான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. கப்பல் ஓடுவது நீராவியில். பாய்லருக்கு நல்ல தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், உப்பு பட்டால் அதன் குழாய்கள் வெடித்துவிடும். பாய்லர் குடித்தது போகத்தான் சமையலுக்கும் எங்களுக்கும். எல்லாத் தொட்டியும் நிறைந்திருந்தாலும், எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், இரண்டு நாள். பன்னிரண்டு மைல் வெளியே போய்த் தண்ணீர் இறக்கிக்கொண்டு திரும்பலாம்தான். ஆனால் எங்கள் பீரங்கி எட்டு மைலுக்கு மேல் சுடாது, கரையில் இருந்த நம் ஆட்கள் இராப்பகலாகக் குண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் எங்கள் சீஃப் கேரட்டியிடம் போய் என்ன செய்வது என்று கேட்டேன். "விதி புத்தகத்துல இருக்கு. பாய்லர் புத்தகம் படிக்காது" என்றார் அவர். "ஓட்டு. நிறுத்தினதா எழுது."

ஓட்டினேன். நிறுத்தியதாக எழுதினேன். சுற்றிலும் கடல் காபி நிறத்தில் இருந்தது. காட்டிலிருந்து ஆறு கொண்டுவந்த சேறு. அந்தச் சேற்றிலிருந்து கண்ணாடி போலத் தண்ணீர் இறக்கினேன். சொட்டு விட்டுப் பார்த்தேன், கலங்கவில்லை. எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

அறுபத்தேழு வயதில் என்னை யாரும் தண்டிக்கப் போவதில்லை. சீஃப் செத்துப் பல வருடம் ஆகிறது. பிறகு ஏன் டெனீஸிடம் பொய் சொன்னேன்? எங்கள் கப்பல்காரர்களின் செய்திமடலில் சில வருடம் முன்பு ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்திரேலியாவில் எங்களுடையதைப் போன்ற வடிகலம் ஒன்றைச் செய்து, அந்த விஷம் கலந்த தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். உப்பு கீழேயே நின்றுவிட்டது. விஷம் நிற்கவில்லை. அது எண்ணெய் ஜாதி, தண்ணீரோடு ஒட்டாது, ஆவி கிளம்பியதும் அதன் தோளில் ஏறிக்கொண்டு வந்துவிடும். பூவிலிருந்து வாசனைத் தைலம் இறக்குவது இந்த முறையில்தான். இன்னொன்றும் உண்டு. உள்ளே போகும் கடல் தண்ணீரில் ஒரு பங்குதான் ஆவியாகிறது, மீதி கடலுக்கே திரும்புகிறது. விஷமோ பெரும்பாலும் அந்த ஒரு பங்கோடு வந்துவிடுகிறது. ஆகவே கடலில் இருந்ததைவிட எங்கள் குவளையில் விஷம் அதிகம்.

எந்திரத்தில் கோளாறில்லை. அது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. அந்தக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன், நான்காவது தடவை மடித்து வைத்துவிட்டேன். அதே செய்திமடலின் கடைசிப் பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வரும். இருநூற்று எண்பது பேர் என் தண்ணீரைக் குடித்தார்கள். பதிவேட்டில் 'நிறுத்தப்பட்டது' என்று இருக்கும்வரை நான் அவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

கோடை போயிற்று. ரெய்னோவை வாரம் ஒருமுறை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வீட்டுப் புல்லை வெட்டினேன், கூரைக் குழாயைச் சுத்தம் செய்தேன், மார்வாவின் காருக்கு பிரேக் மாற்றினேன். அதைத் தவிர எல்லாம் செய்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் வழக்கம்போல அவன் சவுனாவில் இருந்தோம். பின்லாந்திலிருந்து வந்த அவனுடைய அப்பா வீட்டுக்குப் பின்னால் கட்டிய, நீராவிக் குளியலுக்கான தேவதாரு மர அறை. அடுப்பு, அதன்மேல் கற்கள், இரண்டு படி பலகை. நாற்பது வருடம் மேல் பலகையில் உட்கார்ந்தவன் இப்போது கீழ்ப் பலகையில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது.

"ஊத்துடா. கஞ்சத்தனம் பண்ணாத" என்றான்.

"டாக்டர் சூடு ஆகாதுன்னாரே."

"அவன் ஸ்வீடன்காரன். அவனுக்கு சவுனாவப் பத்தி என்ன தெரியும்? உன்ன மாதிரி போலந்துக்காரனுக்காவது உக்காந்து உக்காந்து பழகிருச்சு."

அரைக் கரண்டி தண்ணீர் ஊற்றினேன். கல் சீறியது. ஆவி கூரை வரை போய் எங்கள் தோளில் இறங்கியது.

"ரெய்னோ. அந்த முப்பத்திரண்டு நாளும் வடிகலம் ஓடுச்சு" என்றேன்.

அவன் திரும்பவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"தினமும் சாயந்தரமும் காலைலயும் தொட்டிக்குள்ள டேப்பு விட்டு அளந்தவன் யாரு? உங்கப்பனா? ராத்திரி பாதியா கெடக்கும், விடியறப்ப பாத்தா வாய் வரைக்கும் நிக்கும். இவரு நிறுத்திட்டாராம்! கப்பலுக்குள்ள மழை பேஞ்சுதா?"

இதை நான் மறந்தே போயிருந்தேன். தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து எழுதுவதற்குத் தனிப் பதிவேடு உண்டு. அதில் பொய் எழுத முடியாது. எந்தப் பக்கம் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் கப்பல் சாயாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தாள்கள் எல்லாம் ரெய்னோவின் கையால் எழுதியவை.

"அப்ப டெனீஸ்கிட்ட ஏன்டா சொல்லல? ஆவணக் காப்பகத்துலேர்ந்து அந்தத் தாள வரவழைச்சிருக்கலாமே!"

"வரவழைச்சு? என் தாள உன் தாளுக்குப் பக்கத்துல வச்சா என்ன ஆகும்? நீ பொய்யன்னு ஆகும். அத நான் வைக்க மாட்டேன்."

"மார்ச்சுலேர்ந்து இப்படியேவா இருந்த?"

"நீயா வருவேன்னு இருந்தேன்."

வியர்வை கண்ணில் வழிந்தது நல்லதாகப் போயிற்று. "குடிக்கக் கூடாததக் குடுத்தேன்டா உங்களுக்கெல்லாம்" என்றேன்.

"தாகத்துக்குக் குடிச்சோம். நீ குடுக்கலேன்னா கேரட்டி உன்னத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு வேற ஒருத்தன் கையில அந்த வால்வக் குடுத்திருப்பான். அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆனா ஆறு மாசம், எல்டன். என்கிட்ட எத்தன ஆறு மாசம் இருக்குன்னு நெனச்ச?"

துண்டைத் தோளில் போட்டு அவனை வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை டெனீஸின் முன்னால் உட்கார்ந்தேன். வாக்குமூலத்தை எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், படங்களோடு. அவள் பொறுமையாகப் படித்தாள்.

"சார், இது அந்த எந்திரத்துக்கு நீங்க எழுதின காதல் கடிதம் மாதிரி இருக்கு. ரெண்டு பக்கம் போதும். 'நான்'னு ஆரம்பிக்கற வாக்கியமா சொல்லுங்க."

நான் ஓட்டினேன். நான் நிறுத்தியதாக எழுதினேன். நான் அறிந்தே எழுதினேன். அவள் தட்டச்சு செய்ய, நான் கையெழுத்திட்டேன். பழைய கையெழுத்துக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லை.

தொட்டி அளவுத் தாள்கள் வந்துசேர எட்டு வாரம் பிடித்தது. கணக்கு எளிது. மாலை அளவு, காலை அளவு, இடையில் செலவு. செலவானபிறகும் தொட்டி நிறைகிறது என்றால் எங்கோ தண்ணீர் உண்டாகிறது. முப்பத்திரண்டு நாளுக்கும் வரிசையாக எழுதிக்கொடுத்தேன். அதன்பிறகுதான் மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி வந்தது, டிசம்பர் நடுவில். மருந்து பட்டிருக்கலாம் என்று நினைக்கும் எந்தப் படைவீரனுக்கும் இலவசமாக ஒரு பரிசோதனை உண்டு என்று சொல்லி, டெனீஸ் என் பெயரையும் அதே நாளுக்கு எழுதிவிட்டாள்.

பனியில் ஒரு மணி நேரம் காரோட்டிப் போனோம். ரெய்னோவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். பரிசோதித்த டாக்டர் எங்கள் பேத்தி வயதுப் பெண். கணினியைப் பார்த்தபடி கேட்டாள்: "மருந்து உங்க மேல எப்படிப் பட்டுது சார்? தெளிப்பா, தோல் வழியாவா?"

"காபில" என்றான் ரெய்னோ. "ரெண்டு கரண்டி சர்க்கர போட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் என்னைக் காட்டினான். "இவன விளக்கச் சொல்லும்மா. ஆனா மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டு வந்து உக்காரு."

நான் விளக்கினேன். அவள் கணினியை விட்டுவிட்டுக் கேட்டாள். ஒரு காகிதத்தில் ஆவி போகும் வழியைப் படம் போட்டாள், நான் திருத்தினேன். அந்தக் கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு என்னைச் சோதித்தார்கள். இரத்தம், சிறுநீர், இதயம், நரம்பு, எல்லாம். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன். மற்றவர்களைவிட அதிகம் குடித்தேன், ருசி பார்ப்பது என் வேலை.

ரெய்னோ கேட்டான். "ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சு. சர்க்கர கொஞ்சம் கூடுதலாம்" என்று பொய் சொன்னேன்.

"பாத்து இருந்துக்க" என்றான்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலையில் அவன் இறந்தான். பூமி உறைந்துகிடந்ததால் அடக்கம் வசந்தத்துக்குத் தள்ளிப்போனது; எங்கள் பக்கம் குளிர்காலத்தில் செத்தவர்கள் காத்திருப்பது வழக்கம்தான். மனுதாரர் இறந்தால் மனைவி அவர் இடத்தில் நின்று வழக்கைத் தொடரலாம். மார்வா கையெழுத்துப் போட டெனீஸிடம் போனாள். வழக்குக் கோப்பை வாங்கி அங்கேயே உட்கார்ந்து முழுக்கப் படித்தாளாம். என் இரண்டு பக்கத்தையும். ரெய்னோ அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப்பின் நான் தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. மே மாத அடக்கத்தில் பாதிரியாருக்கு அந்தப் பக்கம் நின்றாள். காரில் ஏறும்போது என்னைத் தாண்டித்தான் போனாள், நிற்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளே கூப்பிட்டாள். "தபால் வந்திருக்கு. வா."

போனேன். சமையலறை மேசையில் பிரித்த உறை. காபி தரவில்லை. நாற்காலியைக் காட்டினாள். கல்லா வேலைக்குக் கிளம்பும் சட்டையில் இருந்தாள், பெயர்ப் பட்டையோடு.

"டெனீஸ் ஜெயிச்சாச்சுன்னு ஃபோன்ல சொல்லிட்டா. இதுல என்ன எழுதியிருக்குன்னு நீ சொல்லு. மூணாவது பக்கம்."

மூன்றாவது பக்கத்தைப் படித்தேன். பதிவேட்டை எழுதியவரின் வாக்குமூலம் நம்பத்தகுந்தது. தொட்டி அளவுகள் அதை உறுதி செய்கின்றன. கப்பலில் வடித்த தண்ணீரை அருந்தியதால் படைவீரருக்கு இந்த நோய் வந்திருக்க, வராமலிருக்க உள்ள வாய்ப்புக்குக் குறையாத வாய்ப்பு இருக்கிறது. எனவே கோரிக்கை ஏற்கப்படுகிறது.

"திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"அப்படின்னா?"

எனக்கு விளக்கத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். "ஒரு தராசு வச்சுக்க மார்வா. ஒரு தட்டுல அதனாலதான் வந்துச்சுங்கறது, இன்னொரு தட்டுல இல்லைங்கறது. ரெண்டும் சமமா நின்னாலே போதும், அவங்க நம்ம பக்கம் தீர்ப்பு சொல்லணும். முழுசா நிரூபிக்கத் தேவையில்ல. பாதிக்குப் பாதி."

"பாதி உன் தண்ணி."

"ஆமா."

"மீதிப் பாதி?"

"அது யாருக்கும் தெரியாது. வேற எதுனாலயாவது வந்திருக்கலாம். தானா வந்திருக்கலாம்."

அவள் காகிதங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி உறைக்குள் போட்டாள். சன்னலுக்கு வெளியே அவர்கள் வீட்டுப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"இத ஜெயிக்கணும்னு அவரு ஆசப்பட்டாரு" என்றாள். "ஜெயிச்சாச்சு. இனிமே யாரு கேட்டாலும் நான் இந்தப் பாதியத்தான் சொல்லியாகணும். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்." கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "அந்த மீதிப் பாதிய நீ வச்சுக்க, எல்டன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"விளக்காத" என்றாள். "கார எடு. வழிய மறிச்சு நிக்குது, நான் கடைக்குப் போகணும். மாசக் கடைசி வரைக்கும் வரேன்னு சொல்லியிருக்கேன்."

காரைத் தெருவுக்குப் பின்னோக்கி எடுத்தேன். அவள் தன் வண்டியை வெளியே கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பிப் போனாள். புல்வெட்டும் எந்திரம் கொட்டகைச் சுவரோடு சாய்ந்து நின்றது. இறங்கலாமா, போய்விடலாமா என்று தெரியாமல் எஞ்சினை ஓடவிட்டபடி தெருவிலேயே இருந்தேன்.